கச்சான் மணலில் வைத்த மணி

தட்டிய பித்தளைச் சாமான் எதையும் கச்சான்கடலை வறுக்கிற மணல் தாச்சிச் சட்டிக்குள் ஒருமுறை வைத்தெடுக்காமல் வெளியே விடக்கூடாது என்று நான் பட்டறைப் பிள்ளைகளான உங்கள் உயிரை வாங்கியிருக்கிறேன். அதற்காக நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரும் தெரியும். ‘கச்சான் மாஸ்டர்.’ நல்ல பெயர்தான், கோபமில்லை. ஆனால் நான் வேலையிலிருந்து நின்றுவிட்ட பிறகு அந்தத் தாச்சியைப் பட்டறையின் மூலையில் கவிழ்த்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி உள்ளே வந்தது என்ற கதையைச் சொல்லாமல் நான் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. முழுக்க விளங்கின கதை என்று நினைத்து வாசிக்காதீர்கள். எனக்கே இன்னும் பாதி விளங்கவில்லை.

நான் இரும்பில் கைபழகிப் பிறகு பித்தளைக்கு வந்தவன். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைக்கும். பித்தளையைச் சிவக்கக் காய்ச்சினால், எதில் முக்கினாலும் இளகித்தான் வரும். தட்டத் தட்டத்தான் விறைக்கும். வந்த புதிதில் எல்லாம் தலைகீழாக இருந்தது. எங்கள் பெரியவர், பட்டறையின் சொந்தக்காரர் (பெயரை எழுதினால் பொல்லோடு வருவார்), அப்போது சொன்னார்: “இரும்பு கோபக்காரன், உடனை காட்டிப்போடுவான். பித்தளை மனசுக்குள்ளை வைச்சிருந்து பேந்துதான் காட்டும்.” அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இனி மணிக்கு வருகிறேன். வாய்க்கால் கரையில் உள்ள குடியேற்றத் திட்டம் ஒன்றில் சின்னப் பிள்ளையார் கோயில். அங்கே தொங்கியது பிறப்பில் மணி இல்லை, பீரங்கியால் அடிக்கிற ஒரு பெரிய ஷெல்லின் பித்தளைக் கோது. போர் முடிந்து சனம் மீளக் குடியேறி வந்தபோது பழைய மணியைக் காணவில்லை. காணி துப்புரவாக்கையில் இந்தக் கோது கிடைத்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து, வெறும் கோதுதான், பயமில்லை என்று கொடுத்தார்கள். அடியில் இருந்த துளையில் கம்பி கோத்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். தட்டினால் சத்தம் வந்தது. அதுவே மணியாகிவிட்டது.

சில வருடங்கள் கழித்துக் கோயில் சபைத் தலைவர் அதை எங்களிடம் கொண்டுவந்தார். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து நெல் விதைக்கும் குடும்பம். “பாத்தா ஷெல் எண்டு தெரியக்கூடாது. வாயைப் பூசணிப்பூ மாதிரி விரிச்சுத் தாங்கோ. சத்தம் கடைசி வயல்மட்டும் கேக்கவேணும்” என்றார்.

அந்தக் கோதின் வாய்ப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு நீலமும் ஊதாவுமாக ஒரு கறை இருந்தது. நெருப்பு வந்து நக்கிவிட்டுப் போன மாதிரி. சின்ன ரவைக் கோதுகளின் கழுத்திலும் அந்தக் கறையைக் கண்டிருப்பீர்கள். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். “வெடிச்ச புகை. மினுக்கு” என்றார். தேய்த்து மினுக்கினோம். பிறகு அவரே வாயைத் தட்டி விரித்தார். இடையிடையே சூடு காட்டித்தான் தட்டினார். கடைசித் தட்டுக்குப் பிறகு மட்டும் காட்டவில்லை. காட்டினால் பித்தளை இளகி, குரல் செத்துவிடும். தலைவர் கேட்டது குரலைத்தானே? மணி ஒலித்தபோது பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திக் கேட்டோம். அத்தனை வடிவான சத்தம்.

நல்ல மணி வந்ததும் கள்ளர் பயமும் வந்தது. பித்தளைக்கு ஊரெல்லாம் கண். ஆகவே காலையில் அடித்துவிட்டு மணியைக் கழற்றிக் கோயிலின் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டுவார்கள். அந்தச் சாவி இருந்தது லெட்சுமி அக்காவிடம். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவ. கோயிலைத் திறந்து, கூட்டி, மணி அடித்துவிட்டு, பகலில் புதுக்குடியிருப்பு பஸ் நிலையத்தடியில் கச்சான்கடலை வறுத்து விற்பா. சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. மீளக் குடியேறிய நாளிலிருந்து ஊரை எழுப்பும் முதல் சத்தம் தன் கையால் வருகிறது என்பதில் அவவுக்கு ஒரு நிமிர்வு. எனக்கு ஒருமுறை சொன்னா: “இந்த ஊர்ல என்ன கேட்டு யாரும் எதுவும் செய்றதில்லண்ணே. ஆனா நான் அடிச்சாத்தான் எந்திரிப்பாங்க.”

இரசாயன உரம் கிடைக்காமல் சனம் அல்லாடிய போகம் நினைவிருக்கும். அந்தப் போகத்தில் ஒருநாள் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் உரைப்பைச் சாக்கால் சுற்றிய மணி. பின்னாலேயே லெட்சுமி அக்கா பஸ்ஸில் வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றா.

பையை விலக்கினோம். விரித்த வாயின் விளிம்பிலிருந்து மேல் நோக்கி ஒரு வெடிப்பு. தலைமயிரை ஒட்டிவைத்த மாதிரி மெல்லியது.

“விழுத்திப்போட்டு வாய் திறக்கிறா இல்லை” என்றார் தலைவர்.

“நான் போடலீங்க. பிள்ளையார் மேல சத்தியமா போடல” என்றா அவ வாசலிலிருந்து.

பெரியவர் மணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “விழுந்தா நெளிவு இருக்கவேணும். இதிலை ஒரு நெளிவும் இல்லை.”

“அப்ப என்னெண்டு பிளந்தது? நீங்கள்தானே செய்தனீங்கள், சொல்லுங்கோவன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். மணி யாரையும் பார்க்கவில்லை.

“பொங்கலுக்கு முன்னம் ஒரு முடிவு சொல்லுங்கோ. அதுமட்டும் சாவி என்னட்டை இருக்கட்டும்” என்று தலைவர் வாசல் பக்கம் கையை நீட்டினார். லெட்சுமி அக்கா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தா. கொடுத்த பிறகும் அந்தத் தலைப்பைக் கையில் பிடித்தபடியே நின்றா.

பிளந்த சாமி மணி ஊர்க் கண்ணில் படக்கூடாது, பையாலேயே சுற்றி வையுங்கள் என்று தலைவர் சொல்லிப் போனார். நான் வெடிப்பு முடிகிற இடத்தில் மார்க்கர் பேனையால் ஒரு புள்ளி வைத்தேன்.  ஒன்றும் விளங்காத நேரத்தில் எதையாவது அடையாளம் வைப்பது என் கைப்பழக்கம். உங்களுக்கும் அதைச் சொல்லிவைக்கிறேன். சுற்றி, இரும்பு அலுமாரிக்குள் வைத்தோம். அலுமாரிச் சாவியைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை திறந்து பார்த்தால், வெடிப்பு புள்ளியைத் தாண்டி ஒரு விரல் தூரம் போயிருந்தது.

என் கை தானாகப் பின்னுக்கு வந்தது. இரும்பு உடைந்து பார்த்திருக்கிறேன். விழுந்து உடையும், பாரம் தாங்காமல் உடையும். பூட்டிய அலுமாரிக்குள் சும்மா கிடந்தபடி ஒரு பொருள் தன்னைத்தானே கிழிப்பதை நான் அதுவரை கண்டதில்லை. பெரியவரும் பார்த்தார். அவருக்குப் பயம் வந்தால் குரல் பெரிதாகும். தலைவரும் அவருக்குப் பின்னால் லெட்சுமி அக்காவும் அன்று பின்னேரம் வந்தபோது அந்தப் பெரிய குரலில் போட்டு உடைத்தார்: “அந்த மனிசியிலை பிழை இல்லை! மனிசற்றை கை படாமல் தானாப் பிளக்குது! இந்தா, புள்ளியைப் பாரும்!”

லெட்சுமி அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் கண்டேன். ஆனால் தலைவரின் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“தானாவோ? கோயில் மணி தானாப் பிளக்குதோ?” அவர் மணியை விட்டு ஓரடி பின்னுக்கு வந்தார். பிறகு மெதுவாக, “அப்ப துடக்கோடை ஆரோ தொட்டிருக்கினம்” என்றார். தீட்டைச் சொல்கிறார், மணியைத் தொடுகிற ஆள் ஒருவர்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கு அம்பத்தெட்டு வயசுங்க ஐயா” என்றா லெட்சுமி அக்கா. “அந்தத் துடக்கு என்ன விட்டுட்டுப் போயி எத்தினியோ வருசமாச்சு. போகும்போது சொல்லிட்டுக்கூடப் போகல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை. “செத்தவீடு ஒண்டுக்கும் போகேல்லையோ?” என்று கேட்டார். அயல் வீட்டில் செத்தவீடு நடந்திருந்தது. ஊரே போனது, தலைவரும் போனார். ஆனால் கேள்வி அவவிடம்தான் வந்தது. சபை கூடிப் பரிகாரம் தீர்மானிக்கும், இனி அவ கோயில் வேலைக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை மிதித்தார்.

அவ பட்டறை வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டா. நான் தண்ணீர் கொடுத்தேன். “அண்ணே, முதல்ல என் கைய குத்தம் சொன்னாங்க. கைக்கு நான் பதில் சொன்னேன். இப்ப என்னையே குத்தம் சொல்றாங்க. இதுக்கு என்னன்னு பதில் சொல்றது?”

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள். வேறு ஊரில், வேறு சாமானோடு. ஆள் முன்னால் நின்று, இப்பவே சொல்லு என்பார். உங்களிடம் பாதிதான் இருக்கும். பெரியவர் சொன்னது பொய்யே இல்லை. ‘தானாகப் பிளந்தது’ என்றதோடு ‘ஏன் என்று இன்னும் தெரியாது, பார்த்துச் சொல்கிறோம்’ என்ற மற்ற வரியையும் சொல்லியிருந்தால் தலைவர் அந்த வெற்றிடத்துக்குள் துடக்கைக் கொண்டுவந்து வைத்திருக்க மாட்டார். வைத்திருப்பாரோ தெரியாது. வைக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டாவது இருப்பார்.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். புளி போட்டுத் தேய்ப்பதாலோ? குத்துவிளக்கை எத்தனை காலமாகப் புளியால் தேய்க்கிறோம், ஒன்றும் பிளக்கவில்லையே. இரும்புக் கம்பியால் அடித்தார்களோ? இல்லை, லெட்சுமி அக்கா பாலைமரக் கட்டையால்தான் அடிப்பா. வெயிலோ? மணி பகல் முழுக்க அறைக்குள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஆரம்பத்தைவிட அதிகமாகக் குழம்பிப்போய் அவவின் கச்சான் வண்டிலடியில் நின்றேன்.

“அந்த அறைக்குள்ளை வேறை என்ன கிடக்கு?” என்று கேட்டேன்.

“என்ன கெடக்கும்? ஓல, சட்டி, பெட்டி. அப்புறம் அந்த எரு மூட்டைங்க. உரம் இல்லன்னு எல்லாரும் கோழி எரு வாங்கி அங்கதான் அடுக்கி வச்சிருக்காங்க. கூரை ஒழுகி நனைஞ்சு கெடக்கு. உள்ள போனா கண்ணு எரியும்ணே. அழுதுகிட்டேதான் மணிய எடுப்பேன். சாமிக்கு அழுறேன்னு நெனைச்சுக்குவாங்க.”

அன்று அந்த மணியைச் சுற்றிவந்த உரைப்பையைப் பிரித்தபோது என் கண்ணும் எரிந்தது நினைவுக்கு வந்தது. மணியைப் பார்க்கிற அவசரத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு விட்டுவிட்டேன். அதுவும் எரு அள்ளிய பைதான். அலுமாரிக்குள்ளும் மணி அந்த நாற்றத்துக்குள்ளேயேதான் கிடந்திருக்கிறது.

எரு எப்படிப் பித்தளையைப் பிளக்கும்? தெரியாது. அதனால் பார்த்தேன். அன்றைக்குத் தட்டிக்கொண்டிருந்த தகட்டில் மூன்று துண்டுகள் வெட்டி வளைத்தேன். ஒன்றை வளைத்த பிறகு சூடு காட்டி ஆறவிட்டேன்; மற்ற இரண்டுக்கும் காட்டவில்லை. பால்மாத் தகரப் பேணி ஒன்றில் நனைந்த கோழி எருவைப் போட்டு, மேலே நூலில் துண்டுகளைத் தொங்கவிட்டு மூடி வைத்தேன். பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “உனக்கு விசர் முத்திப்போச்சு. பட்டறையிலை கோழி வளக்கிறியோ?” என்றார். ஆனால் நான் பேணியைத் திறக்கும்போதெல்லாம் அவர்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்.

சில நாளில், சூடு காட்டாத துண்டு ஒன்று வளைவில் வெடித்தது. அதே மயிர் வெடிப்பு. சூடு காட்டிய துண்டு கறுத்தது, வெடிக்கவில்லை. இனித்தான் குழப்பம். சூடு காட்டாத மற்றத் துண்டும் வெடிக்கவில்லை. ஒரே தகடு, ஒரே சுத்தியல், ஒரே பேணி. அது இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இடைக்கிடை எடுத்துப் பார்ப்பேன். அது என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்குத்தான் அந்த நீலக் கறையும் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை இயந்திரம் வைத்துக் கோது செய்கிறவன், வாயை ஒடுக்கிய பிறகு வேண்டுமென்றே அங்கே சூடு காட்டியிருக்கிறான். காட்டாவிட்டால் பெட்டிக்குள் கிடந்தபடியே பிளக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அவன் வைத்துவிட்டுப் போன அடையாளத்தைப் புகை என்று மினுக்கி, இளகியிருந்த இடத்தைத் திரும்பத் தட்டி விறைக்க வைத்து, சூடு காட்டாமல் கொடுத்திருக்கிறோம். அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். சரியோ பிழையோ, அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குப் போனோம்.

பேணியைக் கோயில் மண்டபத்தில் திறந்ததும் பாதிச் சனம் எழும்பி வெளியே போனது. தலைவர் மூக்கில் சால்வையோடு துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிக்காத மூன்றாவது துண்டையும் நான் மறைக்கவில்லை. “இது ஏன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா வெடிச்சதை ஒரு மனிசரும் தொடேல்லை, பேணிக்குள்ளை துடக்கும் இல்லை” என்றேன்.

“அப்ப கோழி எருவோ குற்றவாளி?” என்றார் தலைவர்.

“எரு மட்டுமில்லை, நானும்தான்” என்றார் பெரியவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. “கடைசிச் சூடு காட்டாமல் விட்டனான். ஆனா கடைசி வயல்மட்டும் சத்தம் வேணுமெண்டு கேட்டது நீர்.”

“நான் சத்தம் கேட்டனான், பிளந்த மணி கேக்கேல்லை!”

“எருவை அடுக்கினது ஆர்? என்ரை மாமனோ?”

இரண்டு பெருந்தலைகளும் மல்லுக்கட்ட, வெளியே நின்ற லெட்சுமி அக்கா தூணோடு சாய்ந்து சிரிக்கிறா. அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் பொங்கலுக்கு மணி வேண்டுமே. வெடித்த வாயை முழுதாக வெட்டி எறிவதென்று முடிவானது. வெட்டினால் புதிதாக வருகிற வாய், கோது செய்தவனின் நெருப்பு எட்டாத இடம். சூடு காட்டாமல் விட்டால் ஒருநாள் பிளக்கலாம். சிவக்கச் சூடு காட்டினால் குரல் செத்துவிடும். பெரியவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சிவக்காமல், விறைப்பையும் கெடுக்காமல், உள்ளே பிடித்துவைத்திருக்கிற கோபத்தை மட்டும் இறக்குகிற ஒரு சூடு இருக்குமா? இருந்தாலும் அதை எப்படிக் கண்ணால் அளப்பது? சிவப்பென்றால் தெரியும். சிவப்புக்கு இந்தப் பக்கத்துச் சூட்டுக்கு நிறம் இல்லையே.

அடுத்த நாள் கச்சான் வண்டிலடியில் இதைப் புலம்பினேன். லெட்சுமி அக்கா மணலைக் கிண்டிக்கொண்டே, “உங்களுக்கு வறுபடுற சூடு வேணுமா, கருகுற சூடு வேணுமா?” என்று கேட்டா. “ரெண்டும் இந்த மணல்ல இருக்கு. நாள் பூரா அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நிக்கிறேன்.”

முதலில் ஒரு துண்டுத் தகட்டை அவவின் மணலில் புதைத்து, கச்சான் கருகும்வரை வைத்தோம். எடுத்து ஆறவிட்டுத் தட்டினால் ‘கிண்’ என்றது, விறைப்புப் போகவில்லை. பேணிக்குள் தொங்கவிட்டோம். வெடிக்கவில்லை. ஒரு துண்டை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது என்பதை மூன்றாவது துண்டு எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தது. ஆனாலும் சில நேரம் அவ்வளவுதான் கையில் இருக்கும். அதைத் தலைவருக்கு அப்படியே சொன்னேன்: “இது பிளக்காதெண்டு சொல்லமாட்டன். பிளக்கிறதுக்கு வழியைக் குறைச்சிருக்கிறம், அவ்வளவுதான்.” அவர் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, வையுங்கோ” என்றார்.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், பட்டறைப் பின்பக்கத்தில் லெட்சுமி அக்காவின் பெரிய இரும்புத் தாச்சி. நீங்கள் கவிழ்த்துவைத்தது அதுதான். வாய் வெட்டிய மணியைப் படுக்கவைத்து, வயிற்றுக்குள்ளும் மேலேயும் மணலைக் குவித்து, சுற்றிவரக் கச்சானை விதைத்தா. விறகை அவதான் தள்ளினா, அவதான் இழுத்தா. பெரியவர் வாய் திறக்கப் போனார். “நீங்க சும்மா இருங்க பெரியவரே, உங்க சூட்டப் பாத்தாச்சு” என்று ஒரே வெட்டு. கச்சான் பழுத்தது, கபிலமானது, கறுத்தது. புகை மணம் ஏறியதும், “இப்ப இதுலயே நிக்கணும்” என்று விறகைப் பாதிக்கு இழுத்தா. கருகினதைப் பொறுக்கி எடுத்துப் புதுசு போட்டு, அதுவும் கருகும்வரை அப்படியே காத்தா. பிறகு நெருப்பை எடுத்துவிட்டு, மணலோடு ஆறவிட்டோம்.

ஆறின பிறகு கம்பியில் தூக்கித் தொங்கவிட்டு, பாலைக் கட்டையை அவவிடம் கொடுத்தேன். அவ தலைவரைப் பார்த்தா. அவர் தலையாட்டினார். அடித்தா.

பழைய குரல் இல்லை. கோது குட்டையாகிவிட்டதால் குரல் மேலே ஏறி, மெல்லிசாக, கூராக இருந்தது. கடைசி வயல்வரை கேட்குமோ தெரியாது. ஆனால் தெளிவாக இருந்தது. 

தலைவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கையில் கொடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கச்சான் அளக்கிற சுண்டுக்குள் போட்டார். லெட்சுமி அக்கா அதைப் பார்த்தா, எடுக்கவில்லை.

“முதல்ல அந்த எருவ வெளிய எடுக்கச் சொல்லுங்கய்யா. கண்ணு எரியுது.”

“இண்டைக்கே எடுப்பிக்கிறன்.”

அதற்குப் பிறகுதான் சாவி சேலைத் தலைப்புக்குப் போனது. தலைவர் உடனே போகவில்லை. பஸ் நிலையத்தடியால் எத்தனை வருடமாகப் போய்வருகிற மனிதர், அவவின் கையால் ஒரு சுண்டு கச்சான் வாங்கி நான் கண்டதில்லை. தாச்சிக்குள் கையை விட்டு, கறுத்த கச்சான் ஒன்றை எடுத்து உடைத்தார்.

“ஐயா, அது கருகுனது. நல்லது வறுத்துத் தாறேன்.”

“இருக்கட்டும்” என்று வாயில் போட்டு மென்றார். கசப்பில் முகம் கோணியது.

“கைக்குது” என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.